பிஞ்சு இதயத்துக்கு ஒரு முன்னெச்சரிக்கை ஊசி

மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறத்தாழ கால் லிட்டர்தான். அரை லிட்டர் பால் பாக்கெட்டில் பாதி. அந்தக் குழந்தையின் இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கவோ, இடம்மாறிப் பிறந்த பெருங்குழாய்களை உரிய இடத்தில் பொருத்தவோ வேண்டுமென்றால் சிறிது நேரம் இதயத்தை நிறுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அறுவை அரங்கில் அதைச் சுருக்கமாக ‘பம்ப்’ என்பார்கள். பம்பின் குழாய்களில் துளிக் காற்றும் இருக்கக் கூடாது என்பதால், குழந்தையுடன் இணைப்பதற்கு முன்பே அவற்றைத் திரவத்தால் நிரப்பிவைப்பார்கள். பெரியவர்களுக்கு இந்தத் திரவம் உடலிலுள்ள ரத்தத்தில் ஒரு பங்குதான். கைக்குழந்தைக்கோ அதன் மொத்த ரத்தத்துக்கு இணையாக, சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும் ஆகிவிடும். தானமாகப் பெற்ற சிவப்பணுக்கள், உப்புக் கரைசல், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்று இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். உலகின் பல அரங்குகளில் இவற்றோடு இன்னொன்றும் சேரும்: ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஊசி நினைவுக்கு வரலாம். இது அதுவல்ல. அட்ரினல் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் கார்டிசாலின் உறவுக்கார மருந்துகள் இவை. மீதைல்பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகிய இரண்டும்தான் இங்கே முக்கியமானவை. ஆஸ்துமாவுக்கும் சிறுநீரக நோய்க்கும் கொடுப்பதுபோல் வந்துவிட்ட நோயைத் தணிக்க இவற்றைக் கொடுப்பதில்லை. அறுவையால் வரப்போகும் அழற்சியை முன்கூட்டியே அடக்கிவைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் கொடுக்கிறார்கள். 2005இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பு, குழந்தைகளுக்கு இதய அறுவை செய்யும் 36 மையங்களை விசாரித்தது. 97 சதவீத மையங்கள் ஸ்டீராய்டு கொடுத்துவந்தன. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று கேட்டபோது மட்டும் ஆளுக்கொரு பதில் வந்தது. இத்தனை பேர் நம்பிய மருந்துக்கு அடிப்படைச் சான்று எவ்வளவு வலுவானது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். பெரிய அளவிலான பதில் வருவதற்கு மேலும் 17 ஆண்டுகள் பிடித்தன.

இந்தக் கேள்வி புதுச்சேரிக்குத் தொலைவானதல்ல. பிரெஞ்சு ஆட்சி 1823இல் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அதன் வழிவந்த நிறுவனம் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும் 1964இல் ஜிப்மராகவும் உருவெடுத்தது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. நகரின் வடமேற்கே கோரிமேட்டில் இருக்கும் அந்த வளாகத்துக்குப் புதுச்சேரி மக்களைப் போலவே விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டத்துக் குடும்பங்களும் வருகின்றன. பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளும் அவர்களில் உண்டு. பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கும். நான்கு வாய் உறிஞ்சியதும் மூச்சு வாங்கும். மாதங்கள் போயும் எடை ஏறாது. சில குழந்தைகளுக்கு அழும்போது உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் குறையோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் பிறந்தநாளுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயதுவரை தேடிக் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. அதன் பிறகு, முன்பு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கக்கூடிய குழந்தைகளும் அறுவை மேசைவரை வந்து சேர்கிறார்கள்.

அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் கைக்குழந்தையை முதன்முறை பார்க்கும் பெற்றோர் சில நேரம் திகைத்துப்போவார்கள். இமைகள் வீங்கிக் கண்கள் திறக்க முடியாமல் இருக்கும். கைகால்கள் நீர்கோத்து உப்பியிருக்கும். இதயமும் வீங்கியிருந்தால், அதை நெருக்கக் கூடாது என்பதற்காக மார்பெலும்பை உடனே மூடாமல் மேலே ஒரு மெல்லிய உறையை மட்டும் போட்டு ஓரிரு நாள் விட்டுவைப்பதும் உண்டு. இந்த வீக்கத்தை மருத்துவரின் பிழையென்று எண்ணிவிடக் கூடாது. பம்பில் ஓடிய ரத்தத்தின் எதிர்வினை அது. ரத்தம் பிறந்ததிலிருந்து ரத்தக்குழாயின் உட்சுவரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. திடீரென்று பிளாஸ்டிக் குழாயின் நீண்ட பரப்பைத் தொடும்போது, கிருமி புகுந்துவிட்டதைப் போலப் பாவித்து உடலின் பாதுகாப்புப் படை முழுவதும் விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜான் கிர்க்லின் குழு 1983இல் இதை அளந்து காட்டியது. பம்பில் ரத்தம் ஓடும்போது ‘காம்ப்ளிமென்ட்’ என்னும் புரதங்கள் தூண்டப்படுகின்றன. அந்தத் தூண்டல் கூடக்கூட அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் கூடுகின்றன என்றது. ரத்த ஓட்டம் நின்றிருந்த இதயத்துக்குள் மறுபடி ரத்தம் பாயும்போது ஏற்படும் சேதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நுண்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது, நுரையீரல் விறைக்கிறது, வென்டிலேட்டரிலிருந்து குழந்தையை எடுப்பது தள்ளிப்போகிறது. குழந்தை சிறியதாக இருக்க இருக்க, அதன் உடலளவோடு ஒப்பிடும்போது அந்நியப் பரப்பு பெரிதாகிக்கொண்டே போகும்.

அழற்சிதான் எதிரி என்றால், அழற்சியை அடக்குவதில் கார்டிசோனுக்கு நிகர் எது? இப்படி யோசித்ததில் தவறு காண முடியாது. 1948இல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்டிசோன் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தார். ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றிகரமான இதய அறுவையைச் செய்தார். 1961இல் வேலூர் சி.எம்.சி.யிலும் திறந்த இதய அறுவை நடந்தேறியது. இரண்டு பெரும் கண்டுபிடிப்புகளும் ஒரே தலைமுறையின் கைக்கு வந்தன. ஒன்றின் தீங்கை இன்னொன்றால் தீர்க்கலாம் என்று அந்தத் தலைமுறை நம்பியது. நம்பிக்கை வழக்கமானது, வழக்கம் பாடமாகி அடுத்தடுத்த மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

சிறிய ஆய்வுகள் நம்பிக்கையை வளர்க்கவே செய்தன. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 29 குழந்தைகள் பங்கேற்றார்கள். அறுவைக்கு முன் டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களிடம் அழற்சியைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் கணிசமாகக் குறைந்திருந்தன. 13 ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் பச்சிளங்குழந்தைகள் 40 பேரிடம் மீதைல்பிரெட்னிசலோனைச் சோதித்தார்கள். அங்கும் அழற்சி குறைந்தது; குழந்தைகளின் நலத்தில் மட்டும் அதற்கேற்ற முன்னேற்றம் தெரியவில்லை. இந்த முரண்தான் இந்த வரலாற்றின் மையம். ஆய்வகத் தாளில் ஒரு எண் இறங்குவது வேறு, குழந்தை இரண்டு நாள் முன்னதாகத் தாயின் மடிக்குத் திரும்புவது வேறு. முதலாவதை ஒரே நாளில் அளந்துவிடலாம். இரண்டாவதை அளக்க ஆயிரக்கணக்கான குழந்தைகளும் பல ஆண்டுகளும் வேண்டும்.

அதற்கிடையில் எதிர்த் திசையிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. சாரா பாஸ்குவாலியும் சக ஆய்வாளர்களும் 2003 முதல் 2008 வரை 38 அமெரிக்கச் சிறார் மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 46,730 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஸ்டீராய்டு தரப்பட்டிருந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு குறையவில்லை. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடின, நோய்த்தொற்று கூடியது, இன்சுலின் தேவைப்பட்டவர்கள் எண்ணிக்கையும் கூடியது. ஒப்பீட்டளவில் எளிய அறுவைகளில் இந்தத் தீங்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் பதிவேட்டை மட்டும் வைத்து மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நிலைமை மோசமாக இருந்த குழந்தைகளுக்கே மருத்துவர்கள் ஸ்டீராய்டைத் தேர்ந்து கொடுத்திருக்கலாம். அந்தக் குழந்தைகள் மருந்து இல்லாவிட்டாலும் அதிக நாள் தங்கியிருப்பார்கள். கணிதத் திருத்தங்கள் இதை ஓரளவுதான் சரிசெய்யும். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்பு நீர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, அந்த முடிவு மருத்துவருக்கும் பெற்றோருக்கும் தெரியாதபடி நடத்தும் ஆய்வு ஒன்றுதான் இதைத் தீர்க்க முடியும்.

அப்படிப்பட்ட மூன்று ஆய்வுகள் நான்கே ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தன. 2019இல் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் எரிக் கிரஹாம் குழு, பச்சிளங்குழந்தைகளிடம் மட்டும் சோதித்து 176 பேரின் முடிவைச் சொன்னது. மரணமும் கடும் சிக்கல்களும் சேர்ந்த அளவுகோலில் மீதைல்பிரெட்னிசலோன் பெற்றவர்களில் 33 சதவீதமும் பெறாதவர்களில் 42 சதவீதமும் பாதிக்கப்பட்டார்கள். 2020இல் ரஷ்யாவின் விளாதிமிர் லோமிவோரோதவ் தலைமையில் சீனா, பிரேசில், ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் நான்கு மையங்களில் 394 கைக்குழந்தைகளிடம் நடந்த ‘டெசிஷன்’ ஆய்வு வெளியானது. டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களில் 37.6 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 46.2 சதவீதம் பேரும் பெரும் சிக்கலையோ மரணத்தையோ சந்தித்தார்கள். 2022இல் டியூக் பல்கலைக்கழகத்தின் கெவின் ஹில் குழு ‘ஸ்ட்ரெஸ்’ ஆய்வின் முடிவை வெளியிட்டது. அமெரிக்காவின் 24 மையங்களில் ஒரு வயதுக்குட்பட்ட 1,200 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் மீதைல்பிரெட்னிசலோன் பம்பின் திரவத்தில் கலக்கப்பட்டது. மோசமான விளைவுக்கான வாய்ப்பு விகிதம் 0.86, அதைச் சுற்றிய நம்பக இடைவெளி 0.71 முதல் 1.05வரை. ஒன்று என்றால் பலனுமில்லை, தீங்குமில்லை. இடைவெளி அந்த ஒன்றைத் தாண்டிவிட்டதால், மருந்து பலன் தந்ததாகச் சொல்ல முடியாமல் போனது.

மூன்றும் தனித்தனியே தோற்ற ஆய்வுகள்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: மூன்றுமே ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. டெசிஷன் ஆய்வில் கண்ட வித்தியாசம், மருந்துக்கு எந்த விளைவும் இல்லாதபோதும் தற்செயலாக நூற்றில் எட்டுத் தடவை வரக்கூடியது. ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை நூற்றில் ஐந்து. ஸ்ட்ரெஸ் ஆய்வில் மருந்து பெற்ற குழந்தையையும் பெறாத குழந்தையையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டபோது மருந்து பெற்றவர்கள் 1.15 மடங்கு அதிகம் ‘வென்றார்கள்’. அங்கும் இடைவெளியின் ஒரு முனை சரியாக 1.00இல் வந்து நின்றது. பலனே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும், பலன் உறுதியாகிவிட்டது என்பவர்களும் இந்த எண்களைத் தாண்டிப் பேசுகிறார்கள். பலன் இருந்தால் அது சிறியது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் சந்தேகம். 2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் இதையொட்டியே முடிவுசெய்தது: இறப்பில் மாற்றம் இல்லை, வென்டிலேட்டரில் இருக்கும் நேரம் குறையக்கூடும், மருத்துவமனையில் தங்கும் காலத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இன்னொரு முடிச்சு மருந்தின் அளவில் இருக்கிறது. 4 மில்லிகிராம் மீதைல்பிரெட்னிசலோனின் வீரியம் 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனுக்குச் சமம். இதன்படி ஸ்ட்ரெஸ் ஆய்வில் கொடுத்தது, டெசிஷன் ஆய்வில் கொடுத்த கிலோவுக்கு 1 மில்லிகிராமைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கு மருந்து ஏறத்தாழ அதே பக்கச் சாய்வைக் காட்டியிருக்கும்போது, பழைய பழக்கத்தின் பெரிய அளவு உண்மையில் தேவைதானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு மருந்துகளும் உடலில் தங்கும் காலம் வேறு என்பதால் நேர் ஒப்பீடு முழுமையாகாது. ஆனாலும் இந்தக் கேள்வி நியாயமானது.

பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் சிறார் மருத்துவர்களின் ஆர்வத்தைத் தூண்டியிருந்தன. 2012இல் நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெத்தசோனையும், 2015இல் 18 நாடுகளில் 7,507 பேரிடம் மீதைல்பிரெட்னிசலோனையும் சோதித்தார்கள். இரண்டிலும் ஒட்டுமொத்தப் பலன் நிரூபணமாகவில்லை. இரண்டாவதில் இதயத்தசைச் சேதம் கூடியது. நெதர்லாந்து ஆய்வில் மட்டும் வயது குறைந்தவர்களுக்குப் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. வயது குறையக் குறைய உடலின் எதிர்வினை கூடுகிறது என்றால், கைக்குழந்தைகளிடம் பலன் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தில் விலை ஒன்று இருக்கிறது, அது தெளிவாகவே தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஆய்வில் சர்க்கரை ஏறியதால் இன்சுலின் கொடுக்க வேண்டிவந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 6.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்சுலின் ஓடும் கைக்குழந்தையின் குதிகாலில் அடிக்கடி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் தொற்றுக்கு வாய்ப்பு. இன்சுலின் சற்று மிகுந்து சர்க்கரை சரிந்தால் மூளைக்கு ஆபத்து. ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்று நிற்கும் பிரிவில் இதைச் சமாளிக்கலாம். ஒருவரே இரண்டு, மூன்று படுக்கைகளைப் பார்க்கும் இடத்தில் இது பெரும் சுமை. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்காகப் பிறந்ததும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்த காலமும் ஒன்று உண்டு. அதற்கும் மூளைவாதத்துக்கும் தொடர்பு தெரியவந்ததால் 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அந்தப் பொதுவான பயன்பாட்டை எதிர்த்தது. பம்பில் ஒரே ஒரு தடவை தருவதை அதோடு சமப்படுத்துவது சரியாகாது. வளரும் மூளைக்கு ஸ்டீராய்டு சாதாரண மருந்தல்ல என்பதை மட்டும் அந்த அனுபவம் எல்லோருக்கும் உணர்த்தியது.

இங்கேதான் தென்னிந்தியக் குழந்தைகளின் நிலைமையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொச்சி அம்ருதா மருத்துவமனையின் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பிறவி இதயக் குறையோடு வந்த 476 குழந்தைகளில் 59 சதவீதம் பேர் வயதுக்குரிய எடையை எட்டாமல் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு இருந்தார்கள். இதயம் இரட்டிப்பாக உழைப்பதால் உண்பதெல்லாம் அதற்கே செலவாகிறது. அறுவைக்கு வருவதற்குள் தாமதமும் ஆகிவிடுகிறது. மெலிந்த உடலுக்குத் தொற்றை எதிர்க்கும் திறன் ஏற்கெனவே குறைவு, காயமும் மெதுவாகத்தான் ஆறும். ஸ்டீராய்டு மேலும் தளர்த்தக்கூடியவையும் இவை இரண்டும்தான். அதே சமயம், நலிந்த குழந்தையின் உடல் பம்பின் தாக்குதலைத் தாங்குவது கடினம் என்பதால், பலன் இருந்தால் அவர்களுக்கே அதிகமாகக் கிடைக்கவும் கூடும். எந்தப் பக்கம் தராசு சாயும் என்பதை அமெரிக்க ஆய்வைப் படித்துச் சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரெஸ் ஆய்வின் 24 மையங்களும் அமெரிக்காவில் இருந்தன. டெசிஷன் ஆய்வின் நான்கு மையங்களில் ஒன்றும் இந்தியாவில் இல்லை.

தொற்றைக் குறைக்க மருந்தை நம்பாத வழி ஒன்று இருப்பதை வளரும் நாடுகள் ஏற்கெனவே நிரூபித்திருக்கின்றன. பாஸ்டன் சிறார் மருத்துவமனையின் கேத்தி ஜென்கின்ஸ் முன்னின்று நடத்திய பன்னாட்டுத் தர மேம்பாட்டுக் கூட்டமைப்பில் இந்திய மையங்களும் உண்டு. 2010 முதல் 2012 வரை 17 வளரும் நாடுகளின் 28 மையங்களில் 15,049 அறுவைகளின் தகவல்களைச் சேர்த்தார்கள். மருத்துவமனை இறப்பு 6.3 சதவீதமாகவும் பெரும் தொற்று 7 சதவீதமாகவும் இருந்தன; அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டையும் கணிசமாகக் குறைத்தார்கள். கையைக் கழுவுவது, கத்தி வைப்பதற்கு முன் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிப்பது, செவிலியரும் மருத்துவரும் ஒரே குழுவாக நோயாளியைப் பற்றிப் பேசுவது என்று செலவு பிடிக்காத காரியங்கள்தான் அவை. பம்பில் கலக்கும் மருந்தைப் பற்றி விவாதிக்கும் அளவுக்கு இவற்றைப் பற்றி விவாதிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போகக் கூடாது. இங்கே பேசுவதெல்லாம் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் முன்னெச்சரிக்கை ஸ்டீராய்டைப் பற்றி மட்டுமே. ஏற்கெனவே நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுத்துவரும் குழந்தை, அட்ரினல் சுரப்பி போதிய கார்டிசால் சுரக்காத குழந்தை, அறுவைக்குப் பின் எந்த மருந்துக்கும் ரத்த அழுத்தம் ஏறாமல் தவிக்கும் குழந்தை, மூச்சுக்குழாய் வீங்கி வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாத குழந்தை ஆகியோருக்கு அது சிகிச்சை. அதை நிறுத்தச் சொல்ல இந்த ஆய்வுகள் ஆதாரமாகா. அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் தாயும் தந்தையும் தங்கள் குழந்தைக்கு ஸ்டீராய்டு தரப்போகிறார்களா, எதற்காக, சர்க்கரை ஏறினால் யார் எப்படிக் கவனிப்பார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. படிப்பறிவு குறைந்த குடும்பமானாலும் நிதானமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளும். சொல்வதற்கு நேரம் ஒதுக்குவதுதான் கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் அரிதாகிவிட்டது.

ஸ்ட்ரெஸ் ஆய்வு இந்தியாவுக்குத் தரும் மிகப் பயனுள்ள பாடம் அதன் முடிவில் இல்லை, அதை நடத்திய விதத்தில் இருக்கிறது. புதிதாக ஆட்களை அமர்த்தித் தகவல் திரட்டும் பெரும்பகுதிச் செலவை அவர்கள் தவிர்த்தார்கள். நெஞ்சக அறுவை மருத்துவர் கழகத்தின் பிறவி இதய அறுவைப் பதிவேடு ஏற்கெனவே ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் சேர்த்துவந்ததால், குலுக்கலை மட்டும் நடத்திவிட்டு விளைவுகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் பன்னாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்த மையங்களிடம் அத்தகைய பதிவேடு இருக்கிறது. புதுச்சேரி, சென்னை, வேலூர், கொச்சி, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் குழந்தை இதய அறுவை செய்யும் மருத்துவமனைகள் கைகோத்தால், இதே கேள்வியை நமது குழந்தைகளிடமே கேட்கலாம். ஒரு வயதுக்குட்பட்டவர்கள், அவர்களிலும் எடை குறைந்தவர்களைத் தனியே பிரித்து, குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோனுக்கும் உப்பு நீருக்கும் இடையில் குலுக்கிப் பார்க்கும் ஆய்வு அது. மருந்தின் விலை சில ரூபாய்தான். காப்புரிமை காலாவதியான பழைய மருந்து என்பதால் எந்த நிறுவனமும் இதற்குப் பணம் தர முன்வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைப் போன்ற பொது நிதியே இதை ஏற்க வேண்டும். அந்த ஆய்வு நடக்கும்வரை, எளிய அறுவைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் பழக்கத்தின் பேரில் பெரிய அளவு ஸ்டீராய்டு கலப்பதை நியாயப்படுத்தும் சான்று எதுவும் இல்லை. பிறந்த சில நாட்களில் கடினமான அறுவையை எதிர்கொள்ளும் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் முடிவை அவரவர் மருத்துவக் குழுவிடம் விடலாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.